இழவு வீட்டுக்கு ஒரு கல்விச் சுற்றுலா

அந்தக் கப்பலில் வேலைக்காரர்கள் என்று யாருமே கிடையாது. எல்லோரும் குடும்பம். கேப்டன் குடும்பத் தலைவர், பேராசிரியர்கள் பெரியப்பா சித்தப்பாக்கள், அமெரிக்காவிலிருந்து ஏறிய எண்ணூறு மாணவர்களும் செல்லப் பிள்ளைகள். நான்காம் தளத்தில் படுக்கை விரித்து, கழிப்பறை தேய்த்து, ஈரத்துண்டு பொறுக்குகிற எலிசியோவும் குடும்பம்தான். குடும்பத்தில் யாருக்கு எந்த மாடிப்படி, யார் எந்தச் சாப்பாட்டு அறைக்குள் கால் வைக்கலாம், பிள்ளைகள் எதிரே வந்தால் யார் சுவரோடு ஒட்டி நின்று சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டினால்தானே ஒரு குடும்பம் ஒழுங்காக நடக்கும்?

பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்கக் கப்பலிலேயே படிப்பார்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி அங்கே இருக்கிற மனிதர்களைப் பார்ப்பார்கள். திரும்பி வந்து பெரிய கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, பார்த்ததில் தங்களுக்கு எங்கே வலித்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லி அழுவார்கள். அதற்கு மதிப்பெண் உண்டு. எலிசியோ பின்னால் நின்று காகிதக் கைக்குட்டைப் பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருப்பான்.

வியட்நாமிலிருந்து கிளம்பிய அன்றைக்கு அவனுடைய அக்கா மெர்லிண்டா இலோயிலோவிலிருந்து கூப்பிட்டாள்.

"தம்பி, அம்மா போயிட்டாடா."

எலிசியோ கையிலிருந்த ஈரத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அழாத. கேளு. உன் கப்பல் அடுத்து நம்ம ஊருக்குத்தானே வருது? வர்ற வரைக்கும் வெச்சிருப்போம். மருந்து ஏத்தியாச்சு. நீ வந்து முகம் பாத்தப்புறம்தான் எடுக்கிறது. மூத்த மகன் நீ ஒரு பிடி மண்ணு போடாம எப்படிடா மூடுவாங்க?"

நம்ம பிலிப்பைன்ஸ் ஜனங்களுக்கு இது புதிதா என்ன? பாதி ஊர் கடலில் மிதக்கிறது, மீதி ஊர் வளைகுடா நாட்டு அடுப்படிகளில் வேகிறது. பிணம்தான் காத்திருந்தாக வேண்டும். கூடத்தில் வெள்ளைப் பெட்டி, முகத்துக்கு நேரே கண்ணாடி. வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே சீட்டாட்டம், காபி, பிஸ்கட், வறுத்த வேர்க்கடலை. ஆட்டத்தில் எடுக்கிற பங்கு அடக்கச் செலவுக்கு. இப்படி ஊரே முறை வைத்துக் கண்விழித்துப் பிள்ளை வரும்வரை தாயைப் பார்த்துக்கொள்ளும். பிள்ளை வரவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

எலிசியோ விடுதிப் பிரிவு மேலாளர் கோஸ்டாஸிடம் போய் நின்றான். கிரேக்கர். நல்ல மனிதர் என்று அவரே சொல்வார்.

"இலோயிலோவில ஒரு நாள் இறங்கணும் சார். அம்மா தவறிட்டாங்க."

"அடப்பாவமே. எந்த ஊரு?"

"இலோயிலோதான் சார்."

கோஸ்டாஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அங்கதான் இடிக்குது. சொந்த நாட்டுத் துறைமுகத்துல அந்த நாட்டு ஆளுங்க இறங்கக் கூடாதுங்கிறது விதி. போன பயணத்துல சுரபாயாவில இந்தோனேசியாக்காரங்க மூணு பேர இறக்கிவிட்டேன். பொண்டாட்டி முகத்தப் பாத்தாங்க. அவ்வளவுதான், ஆளையே காணோம். ஊர்ப்பாசம் ரொம்பக் கெட்டது, எலிசியோ. மத்த எந்த ஊர்ல வேணும்னாலும் இறங்கிக்கோ. நான் என்னிக்காவது வேணாம்னு சொல்லியிருக்கேனா?"

"அம்மா செத்துட்டாங்க சார்."

"அதனாலதான் சொல்றேன். உசுரோட இருந்தாலாவது பாத்துட்டு ஓடி வந்துடலாம். செத்த வீட்டுக்குப் போனவன் சுலபத்துல எந்திரிச்சு வருவானா?" கோஸ்டாஸ் யோசித்தார். அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "குடும்பத்துல சாவுன்னா ஒரு நாள் லீவு உண்டு. ஆனா குடும்பம்னா கப்பல் குடும்பம். அதுல யாராவது செத்திருக்காங்களா?"

"இல்ல சார்."

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். கடவுள் புண்ணியம். போய் வேலையப் பாரு."

எலிசியோ வேலையைப் பார்க்கப் போனான். அன்றைக்கு முறைப்படி அவன் சுத்தம் செய்ய வேண்டியது டாக்டர் ஹால்வர்சன் அம்மாளின் அறை. கப்பலில் அவர் பரிவுக் கல்வி இயக்குநர். பிள்ளைகளுக்கு அடுத்தவர் துயரத்தைப் புரியவைப்பது அவர் துறை. அதிலே டாக்டர் பட்டம் வாங்கியவர். குளியலறையில் துண்டை மாற்றப் போன எலிசியோவுக்கு அடக்கமுடியாமல் போய்விட்டது. புதுத்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நிமிர்ந்தால், வாசலில் அந்தம்மாள்.

"எலிசியோ!" என்றார், ரகசியமாக. "துக்கமா?"

"மன்னிச்சிடுங்க மேடம். வேற துண்டு கொண்டு வந்துடறேன்."

"துண்டு கிடக்கட்டும். யாரு? நெருங்கின சொந்தமா?"

"அம்மா."

"அம்மா!" அந்தம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எப்ப அடக்கம்?"

"கப்பல் இலோயிலோ போய்ச் சேர்ற அன்னிக்கு. எனக்காக வெச்சிருக்காங்க. ஆனா கோஸ்டாஸ் சார் விட மாட்டேங்கிறாரு."

டாக்டர் ஹால்வர்சன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இலோயிலோவில் அவர் ஏற்பாடு செய்திருந்த தறிக்கூடம் பார்க்கும் நிகழ்ச்சி முந்தின வாரம்தான் ரத்தாகியிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு அங்கே புரிந்துகொள்ள எதுவுமே இல்லாமல் போயிருந்தது. தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்தது என்பார்களே, அப்படி ஒரு முகத்தோடு எலிசியோவைப் பார்த்தார்.

"எலிசியோ, நீங்க அம்மாவப் பாக்கப் போறீங்க. நான் கூட்டிட்டுப் போறேன். நாம எல்லாருமே போறோம்."

மறுநாளே அறிவிப்புப் பலகையில் வந்துவிட்டது: 'மரணமும் சமூகமும்: பிலிப்பைன்ஸ் இழவு வீட்டில் ஒரு முழு நாள். மதிய உணவுப் பொட்டலம் உண்டு.' இடம் நாற்பது. கேட்டவர்கள் நூற்றெண்பது பேர். குலுக்கல் போட்டார்கள். இடம் கிடைக்காத பையன் ஒருவன் எலிசியோவைத் தாழ்வாரத்தில் மறித்து, "வேற யாருக்காவது இந்த மாதிரி உண்டா?" என்று விசாரித்தான்.

கோஸ்டாஸின் விதிக்கும் வழி பிறந்தது. இறங்கப் போவது எலிசியோ அல்ல, பரிவுத் துறையின் வழிகாட்டி ஊழியர். ஆகவே சீருடை, பெயர்ப்பட்டை, 'ஐந்தாம் குழு' என்று எழுதிய கைப்பலகை, தண்ணீர்ப் பெட்டி எல்லாம் அவன் பொறுப்பு. கிளம்பும்போது எத்தனை தலையோ திரும்பும்போதும் அத்தனை தலை இருக்க வேண்டும்.

இறங்கும் படிக்கட்டுக் காவலர் டான்டோய்க்கும் ஊர் இலோயிலோதான். அவர் காதில் விஷயம் விழுந்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்டா, ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதா, அதுகிட்டயே குடை கேப்பியா?"

"வேற வழி சொல்லுங்கண்ணே."

டான்டோய்க்கு வேறு வழி தெரியவில்லை. "சரி, போ. முகத்தையாவது பாரு" என்றார்.

இறங்குவதற்கு முந்தின பகல், பெரிய கூடத்தில் ஒத்திகை. டாக்டர் ஹால்வர்சன் மேடையேறினார்.

"பிள்ளைங்களா, நாளைக்கு நாம ஒரு தாயை இழக்கப் போறோம். குடும்பத்துக்காரங்கள விட அதிகமா அழாதீங்க, அது ஆதிக்கம். குறைச்சலாவும் அழாதீங்க, அது அலட்சியம். அவங்க எவ்வளவு அழறாங்கன்னு பக்கத்துல போய் கவனிச்சு, அதுக்கு ஒரு படி கீழ வெச்சுக்கோங்க. போட்டோ எடுக்கலாம். ஆனா எடுக்கும்போது குற்ற உணர்வு இருக்கணும். குற்ற உணர்வு இல்லாதவங்க செல்போன கப்பல்லயே வெச்சுட்டு வாங்க."

பிறகு சவப்பெட்டியைக் கடந்து போகப் பழக வேண்டும் என்றார். நீளமேசை ஒன்று வந்தது. மேசை இருக்கிறது, படுக்க ஆள்? அந்தம்மாளின் பார்வை சுற்றிச்சுற்றிக் கடைசியில் காகிதக் கைக்குட்டைப் பெட்டியோடு நின்ற எலிசியோவிடம் வந்தது.

"நீங்கதான் பொருத்தம். முகச்சாடை இருக்கும்."

எலிசியோ மேசை மேல் ஏறிப் படுத்தான். கையை மார்பில் கோத்துக்கொள்ளச் சொன்னார்கள், கோத்துக்கொண்டான். பிள்ளைகள் வரிசையாக வந்து, நின்று, பெருமூச்சு விட்டு நகர்ந்தார்கள்.

"கண்ண மூடுங்க எலிசியோ. செத்தவங்க இமைக்க மாட்டாங்க."

பெய்ஜ் என்றொரு பெண். நான்காம் தளம்தான், தினமும் அவளுடைய ஈரத்துணியை அவன்தான் தரையிலிருந்து எடுப்பான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். தேம்பிக்கொண்டே திரும்பி, "டாக்டர், கை சூடா இருக்கு. ஒன்ற முடியல" என்றாள். டாக்டர் ஹால்வர்சன் ஐஸ் கொண்டுவரச் சொன்னார். எலிசியோ கண்ணை மூடியபடியே கிடந்தான். நாளைக்கு இந்நேரம் அம்மா முன்னால் நிற்போம் என்று ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டான். அந்த ஒன்றுக்காக இன்னும் எத்தனை மேசை போட்டாலும் படுத்திருப்பான்.

மறுநாள் பேருந்து அவன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது, தார்ப்பாய்க் கீழே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்துவிட்டார்கள். மெர்லிண்டா அவிழ்ந்த தலையும் வெறுங்காலுமாக ஓடி வந்தாள்.

"தம்பீ..."

எலிசியோ பலகையைப் போட்டுவிட்டுப் பாயப் பார்த்தான். டாக்டர் ஹால்வர்சன் அவன் தோளைப் பிடித்தார். மென்மையாகத்தான் பிடித்தார்.

"ஒரே நிமிஷம் எலிசியோ. பிள்ளைங்க முதல்ல போகட்டும். நீங்க உள்ள போய் அழ ஆரம்பிச்சீங்கன்னா, அவங்களோட முதல் பார்வை கெட்டுடும். நீங்க வாசல்ல நின்னு தலை எண்ணுங்க."

அவன் எண்ணினான். நாற்பது பேரும் அவன் வீட்டு வாசற்படி ஏறி உள்ளே போனார்கள். மெர்லிண்டா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் சீருடையையும் கைப்பலகையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா இது கூத்து? அம்மா சாவுக்கு டிக்கெட் போட்டுட்டியா?"

"அக்கா, இப்படி வந்தாத்தான் விட்டாங்க."

"எப்ப எடுக்கலாம்?"

"சாமியார் எப்ப சொல்லியிருக்காரு?"

"நாலு மணிக்குக் கோயில்ல பூசை. அங்கேருந்து நேரா கல்லறை."

"இருந்துட்டுத்தான் போவேன்."

உள்ளே நாற்பது பேரும் நன்றாகத்தான் துக்கம் கொண்டாடினார்கள். ஊர் ஜனங்களைக் குறை சொல்வதற்கில்லை. வந்தவர்களை உட்காரவைத்து, காபி ஊற்றி, கடலை கொடுத்தார்கள். வார்டுத் தலைவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, இவ்வளவு வெள்ளைக்காரர்கள் வந்த இழவு இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று பேசினார். இரண்டு பையன்கள் சீட்டாட்டம் கற்றுக்கொண்டு, ஜெயித்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். அதில் பங்கு எடுத்து வைப்பது வழக்கம் என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. ஒருத்தி பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, எலிசியோவின் சித்தியிடம், "இப்ப உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள். சித்தி முழங்காலைக் காட்டினாள்.

பெட்டியைப் பார்க்க வரிசை. எலிசியோ கடைசியில் நின்றான். ஒவ்வொரு பிள்ளையும் ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடி நின்று, பெருமூச்சு விட்டு, குற்ற உணர்வோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தது. ஒருவழியாக அவன் முறை வந்தது. கண்ணாடிக்குள்ளே அம்மா சின்னதாக இருந்தாள். நீலப் பூப்போட்ட அந்த உடுப்பு, போன ஒப்பந்தம் முடிந்து வந்தபோது அவன் வாங்கிக் கொடுத்தது. கண்ணாடியில் கண்ணீர் விழுந்தால் செத்தவர்களுக்கு ஆகாது என்று மெர்லிண்டா அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"அம்மா, வந்துட்டேம்மா," என்றான்.

வெளியே விசில் சத்தம் கேட்டது.

"ஐந்தாம் குழு! பேருந்துக்கு!"

மணி மூன்றுதான் ஆகியிருந்தது. எலிசியோ வெளியே ஓடினான்.

"மேடம், நாலு மணிக்குத்தான் எடுப்பாங்க. கப்பலுக்கு ஆறு மணிக்குப் போனாப் போதுமே?"

"தெரியும் எலிசியோ. ஆனா நடுவுல ஒரு முக்கியமான சடங்கு இருக்கே." அந்தம்மாள் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். "இழவு வீட்டுலேர்ந்து உங்க ஆளுங்க நேரா வீட்டுக்குப் போக மாட்டீங்கதானே? வழியில வேற எங்கயாவது போய் உக்காந்து, கூட வர்ற ஆவிய உதறிட்டுத்தானே போவீங்க? நான் படிச்சிருக்கேன். டவுன்ல டோனட் கடையில சொல்லி வெச்சாச்சு. உதறல், அதுக்கப்புறம் குழுவா கலந்துரையாடல், ஒண்ணரை மணி நேரம்."

நம்மவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருப்பது நிஜம்தான். துக்கம் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் டீக்கடையிலோ கடைத்தெருவிலோ கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். ஐந்து நிமிஷம் போதும்.

"அது வேணாம் மேடம். உதறாமலே போயிடலாம். அந்த நேரத்துக்கு நான் அடக்கத்துக்கு இருந்துடறேன்."

"உங்க கலாச்சாரத்த என்னால அவமதிக்க முடியாது, எலிசியோ."

"என் கலாச்சாரம்தானே மேடம்? நான்தானே வேணாங்கிறேன்?"

"அதான் வருத்தமா இருக்கு. உங்களுக்காகவாவது யாராவது அதக் காப்பாத்த வேண்டாமா? அதோட, உதறாம நேரா வீட்டுக்குப் போனா ஆவி கூடவே வந்துடுமாமே. எண்ணூறு பேரோட பிள்ளைங்க இருக்கிற கப்பல். காப்பீட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எலிசியோவுக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது.

"வீட்டுக்குப் போனாத்தான் மேடம் வரும்! கப்பல் என் வீடு இல்ல. இதுதான் என் வீடு. உள்ள கிடக்கிறது என் அம்மா!"

டாக்டர் ஹால்வர்சனின் உதடு துடித்தது. கூசிப்போன குழந்தை மாதிரி அவனைப் பார்த்தார்.

"கப்பல் வீடு இல்லையா? நாங்க குடும்பம் இல்லையா? இத்தனை பேர் உங்க துக்கத்துக்கு வந்திருக்கோம். பிள்ளைங்க காதுபட இப்படிச் சொல்லிட்டீங்களே."

பெய்ஜ் ஓடிவந்து டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இன்னும் நாலு பேர் கட்டிப்பிடித்தார்கள். இழவு வீட்டு வாசலில் டாக்டர் ஹால்வர்சனைத் தேற்றுவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

மெர்லிண்டா தம்பியைத் தனியே இழுத்தாள். "போகாதடா. என்ன பண்ணிடுவாங்க?"

என்ன பண்ணுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். கப்பல் அவனை ஓடிப்போனவன் என்று எழுதும். மணிலாவில் ஆள் எடுக்கிற ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டால், அப்புறம் ஜென்மத்துக்கும் எந்தக் கப்பலும் ஏற்றாது. அவனுடைய இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அக்காவுக்கும் தெரியும்.

"நான் இல்லாட்டியும் எடுத்துடுங்கக்கா," என்றான். "என் பங்கு மண்ண நீ போட்டுடு."

"எனக்கென்னடா உரிமை? என் பங்க நான் போடுவேன். உன் பங்கு அப்படியே கெடக்கும், போ!" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே பிளாஸ்டிக் பையில் பிஸ்கட்டும் கடலையும் கட்டி அவன் கையில் திணித்தாள்.

டோனட் கடை டவுனில் கோயிலுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. பிள்ளைகள் இறங்கி, டாக்டர் ஹால்வர்சன் காட்டியபடி கை கால்களை உதறி, ஆளுக்கு இரண்டு டோனட் எடுத்துக்கொண்டார்கள். எலிசியோ இறங்கவில்லை.

"நீங்க உதறலையா?" என்று அந்தம்மாள் பேருந்துக்குள் எட்டிக் கேட்டார்.

"இல்ல மேடம்."

வரட்டும், கூட வரட்டும் என்று அவன் நினைத்தான். மண்தான் போட முடியவில்லை, கூடவாவது வரட்டும்.

கலந்துரையாடல் பாதியில் இருக்கும்போது வாத்தியச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சவ வண்டி மெதுவாகத் திரும்பியது. பின்னால் ஊர் ஜனம், முன்வரிசையில் மெர்லிண்டா. பெய்ஜ்தான் முதலில் கண்டுகொண்டாள்.

"டாக்டர்! நம்ம அம்மா! நம்ம அம்மா வர்றாங்க!"

நாற்பது பேரும் டோனட்டும் கையுமாகச் சாலைக்கு ஓடினார்கள். கேட்காமலே ஊர்வலத்தில் கலந்துகொண்டார்கள். டாக்டர் ஹால்வர்சனுக்குப் பூரிப்பு தாளவில்லை. திட்டத்திலேயே இல்லாதது தானாக நடக்கிறது.

எலிசியோவும் இறங்கப் பாய்ந்தான். கால் சாலையைத் தொடுவதற்குள் அந்தம்மாள் பேருந்துக் கதவருகே வந்துவிட்டார்.

"நீங்க பேருந்த விட்டு நகராதீங்க எலிசியோ. எல்லாரோட பையும் உள்ள இருக்கு."

அவன் பேருந்துப் படியில் நின்றான். அவன் அம்மா அவனுக்கு முன்னால் சாலையைக் கடந்து போனாள். பின்னாலேயே, அவன் படுக்கை விரித்துக் கொடுக்கிற நாற்பது பிள்ளைகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். கோயில் கதவு சாத்திக்கொண்டது. பைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

அன்று மாலை தலைக்கணக்கு சரியாக இருந்தது. நாற்பது பேர் இறங்கினார்கள், நாற்பது பேர் ஏறினார்கள். படிக்கட்டில் டான்டோய் அவன் முகத்தைப் பார்த்தார். "வழியில நின்னு உதறிட்டுத்தானே வந்தே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லண்ணே."

டான்டோய் சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டு பேர் ஏறுகிற அளவுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

அடுத்த துறைமுகத்துக்குப் போகும் வழியில், டாக்டர் ஹால்வர்சன் அவனைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் பிள்ளைகளின் மதிப்பீடுகள் குவிந்து கிடந்தன.

"உக்காருங்க எலிசியோ. இல்ல, வேணாம், சீருடையில அழுக்கு இருக்கும். நின்னுக்கிட்டே கேளுங்க. இந்தக் கப்பல்ல இதுவரைக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் இவ்வளவு நல்ல பேர் வந்ததில்ல. பெய்ஜ் தன்னோட வாழ்க்கையே மாறிப்போச்சுன்னு எழுதியிருக்கா. ஒரே ஒரு குறைதான். வழிகாட்டி ஊழியர் துக்கத்துல கலந்துக்கவே இல்ல, பேருந்துலயே நின்னுட்டாருன்னு மூணு பேர் எழுதியிருக்காங்க. நான் அத உங்க பேர்ல ஏத்தல. அடுத்த தடவ சரி பண்ணிக்கலாம்."

"அடுத்த தடவையா மேடம்?"

"அடுத்த வருஷமும் இலோயிலோ உண்டு. அதப் பத்திக் கேக்கத்தான் கூப்பிட்டேன்." அந்தம்மாள் முன்னால் சாய்ந்தார். குரலில் அக்கறை சொட்டியது. "அன்னிக்கு உங்க அப்பாவ வீட்டுல பாக்கலையே. படுத்த படுக்கையா இருக்காரா?"

"அப்பா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே போயிட்டாரு மேடம். நான் இதே கப்பல்லதான் இருந்தேன். அன்னிக்கு உங்க அறைக்குத்தான் துண்டு மாத்திக்கிட்டிருந்தேன்."

"அடடா," என்றார் டாக்டர் ஹால்வர்சன். "அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? தவற விட்டுட்டோமே!"

அவர் கண்கள் நிஜமாகவே கலங்கிவிட்டன. பெட்டியிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை உருவித் துடைத்துக்கொண்டு குப்பைக்கூடையில் போட்டார். கூடை நிரம்பியிருந்ததால் அது கீழே விழுந்தது. எலிசியோ குனிந்து அதை எடுத்துக் கூடைக்குள் அமுக்கி, கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.